விசிற்றர் கோப்பை கழுவ மாட்டார்

"...அது மட்டும் என்னால ஒண்ணா மனே. வேற என்ன வேணுமெண்டாலும் கேளு. தின்னச் சொல்லு, தின்னுறன். இருக்கச் சொல்லு, இருக்கிறன். அந்தக் கோப்பையை மட்டும் கழுவச் சொல்லாத. நான் விசிற்றர்!"

மொன்றியலில் உழைப்பாளிகளுக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு வேலை செய்பவரைக் கண்டிருக்கிறேன், மூன்று வேலை செய்பவரைக் கண்டிருக்கிறேன், மெற்றோவில் நின்றபடியே தூங்கி, இறங்கும் இடத்தில் சரியாகக் கண் விழிப்பவரையும் கண்டிருக்கிறேன். ஆனால் சும்மா இருப்பதற்காக இந்த மனிதர் பட்ட பாட்டை, எந்த வேலைக்காகவும் எவரும் பட்டு நான் கண்டதில்லை.

தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கடவுச்சீட்டிலும் அது இருந்தது. மொன்றியலின் எங்கள் லாசால் பகுதியில் மட்டும் அது ஒருவருக்கும் தெரியாது. விசிற்றர் விசாவில் வந்ததால் எங்களுக்கு அவர் விசிற்றர். அவரும் தொலைபேசியை எடுத்தால் "ஓம், விசிற்றர் கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவார்.

ஆள் மட்டக்களப்பு. அங்கே கொத்துரொட்டி போடுவதில் பேர்போனவர். சகோதரி மகள் கவிதா லாசாலில் வீடு வாங்கியபோது, குடிபூரலுக்கென்று வந்தார். வந்த இரண்டாம் வாரம் எங்கள் கடைக்குக் கொத்துச் சாப்பிட வந்தார். எங்கள் கடை என்று நான் சொல்வது வாய்ப்பழக்கம். கடை ராணி அக்காவுடையது. நான் காசு வாங்கி, தொலைபேசி எடுத்து, மேசை துடைத்து, பிரெஞ்சில் வந்தவர்களுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்பவன். அப்போதுதான் எங்கள் சமையற்காரர் ரொறன்ரோவுக்கு ஓடிப் போயிருந்தார். கொத்தை ராணி அக்காவே போட்டாள். அவளுக்குக் கடை நடத்த வரும். கணக்குப் பார்க்க வரும். கொத்து மட்டும் வராது.

விசிற்றர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். "தங்கச்சி, இது கொத்துப்பட்ட ரொட்டி இல்ல. அடிபட்ட ரொட்டி," என்றார்.

வேறு கடையென்றால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். ராணி அக்கா, "அப்ப நீங்கள் போடுவியளோ அண்ணை?" என்று கேட்டாள். அப்படித் தொடங்கியது கதை.

விசிற்றராக வந்தவர், நாட்டை விட்டு வெளியே போகாமல், இங்கே இருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விட்டிருந்த காலம் அது. வேலை தருகிறோம் என்று கடை எழுதவேண்டும். கியூபெக்கும் சம்மதிக்கவேண்டும், ஒட்டாவாவும் சம்மதிக்கவேண்டும். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் போலத்தான். ஒன்று தலையாட்டினால் மற்றது சாதகத்தைத் திரும்பக் கேட்கும். எல்லாவற்றையும் கவிதா ஒழுங்காக அனுப்பி முடித்து, மாமனை முன்னால் இருத்தி இரண்டே இரண்டு கட்டளை போட்டாள்.

"மாமா, பதில் வரும்வரைக்கும் நாட்டை விட்டு வெளியே போகாதீங்க. வேலையும் செய்யாதீங்க. ஒரு வேலையும்."

அவள் நினைத்தது கடை வேலையை. அவர் பிடித்துக்கொண்டது "ஒரு வேலையும்" என்பதை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு துரும்பு அசையவில்லை. கவிதா பல்ப் மாற்ற ஏணியில் ஏறி, "மாமா, கொஞ்சம் பிடிங்க" என்றால், அவர் ஏணிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "விழமாட்டாய் புள்ள, நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்பார். கவிதாவின் நாலு வயது மகளைக் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். பிள்ளை பார்ப்பது இந்த நாட்டில் சம்பளத்துக்குச் செய்கிற வேலையல்லவா? வாசலில் நின்ற ஆசிரியை, யார் யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் இவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறது. விசிற்றருக்கு அதை யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதும் வந்த நிம்மதி இருக்கிறதே! அதன் பிறகு நாள்தோறும் பிள்ளைக்கு ஒரு அடி பின்னால்தான் நடந்தார். "அவ கூட்டிப் போறா. நான் போறன். இதில என்ட வேலை என்ன இரிக்கு?"

மார்கழியில் பக்கத்து வீட்டு மதாமின் கார் பனிக்குவியலில் புதைந்தது. தெருவே திரண்டு தள்ளியது. நானும் தள்ளினேன். விசிற்றர் மட்டும் இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தெருவிளக்குக் கம்பத்தில் கமரா இருக்கிறதா என்று ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்ல வந்து, காருக்கு முதுகைக் காட்டி, "களைச்சுப்போனன், கொஞ்சம் சாஞ்சு நிக்கிறன்" என்று சாய்ந்தார். அது என்ன சாய்வு! கார் ஒரு துள்ளுத் துள்ளி வீதிக்கு ஏறியது. சாய இடமில்லாமல் அவர் மல்லாக்க விழுந்தார். பனிக்குள் கிடந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"விழுறதுக்குப் பெர்மிட் தேவையில்லத்தானே மனே?"

அடுத்த நாள் மதாம் சீனிப் 'பை' என்கிற இனிப்புப் பணியாரம் ஒன்று சுட்டுக் கொண்டுவந்தாள். அவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வாங்கினால் அது கூலி, கூலி வாங்கினால் செய்தது வேலை. கடைசியில் கவிதா வாங்கினாள். கவிதா விருந்தாளிக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். விருந்தாளி சாப்பிடலாம். அதில் சட்டச்சிக்கல் இல்லை.

"நாட்டை விட்டுப் போகாதீங்க" என்ற மற்றக் கட்டளை என்ன ஆயிற்று என்கிறீர்களா? லொங்குய்யில் ஒரு பிறந்தநாள் விழா. மஞ்சள் லைன் மெற்றோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. படிவரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார்.

"இது எதால போகும் தம்பி?"

"ஆத்துக்கு அடியால அண்ணை."

"ஆத்துக்கு அங்கால என்ன நாடு?"

"இதே நாடுதான் அண்ணை. இதே மாகாணம்கூட."

"உனக்குத் தெரியாது. எங்கட ஊர்ல ஆத்துக்கு இஞ்சால எழுவான்கரை, அங்கால படுவான்கரை. ஒரே ஊர்ச் சனந்தான். ஆனா சண்டைக் காலத்தில தாண்டப் போனா ரெண்டு பக்கமும் துவக்கோட ரெண்டு பேர் நிண்டு பாஸ் கேப்பானுகள். ஆத்தை நம்பாத மனே."

நாங்கள் போனோம். அவர் மெற்றோ வாசலிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய கேக்குத் துண்டைக் கடதாசியில் சுற்றி நான்தான் ஆறு தாண்டிக் கொண்டுவந்தேன்.

ஆனால் அவருடைய திருவிளையாடல் முழுவதும் நடந்தது எங்கள் கடையில்தான். கடையில் மூன்று மேசை. மேசைகளுக்கும் சமையல் பக்கத்துக்கும் நடுவில் கவுண்டர், அதில் தூக்கித் திறக்கிற ஒரு பலகை. அந்தப் பலகைதான் அவருக்கு எல்லை. அங்கால் பக்கம் வேலை, இங்கால் பக்கம் விசிற்றர். நாள்தோறும் மத்தியானம் வருவார், கவிதா கொடுத்த காசைக் கொடுத்துக் கொத்து வாங்குவார், பலகைக்கு எதிரே இருக்கிற மேசையில் இருப்பார். சொல்லிக்கொடுப்பதும் வேலைதானே? அதனால் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாடிக்கையாளர் குறை சொல்லலாம் அல்லவா? குறை சொன்னார்.

"தங்கச்சி, ஒரு வாடிக்கையாளனாக் கேக்கிறன். வெங்காயம் இன்னும் அழுதுகொண்டு கிடக்கு. நெருப்பைக் கூட்டினா எனக்குத் திருப்தியா இரிக்கும்."

"தங்கச்சி, முட்டையை இப்ப ஊத்தினீங்க எண்டா நான் மனவருத்தப்படுவன். ரொட்டி கொஞ்சம் காயட்டும்."

"தங்கச்சி, கொத்துற தகடு ரெண்டும் சண்டை பிடிக்குது. கொத்து எண்டா தகடு ரெண்டும் கதைக்கவேணும். இது என்ட முறைப்பாடு."

முதல் கிழமை ராணி அக்கா கரண்டியை எறியப் பார்த்தாள். இரண்டாம் கிழமை குறையைக் கேட்டு நெருப்பைக் கூட்டிப் பார்த்தாள். மூன்றாம் கிழமை, "அண்ணை, இண்டைக்கு என்ன குறை?" என்று அவளே கேட்டாள். நான் பயந்து, இது சரிதானா என்று கேட்டதற்கு, ராணி அக்கா ஒரு பதில் சொன்னாள். அதை எழுதி மாட்டவேண்டும்: "குறை சொல்லுறதுக்குப் பெர்மிட் வேணுமெண்டால் எங்கட சனத்தில அரைவாசிப்பேரை எப்பவோ பிளேன் ஏத்தியிருப்பினம்."

சாப்பிட்டு முடிந்ததும் வரும் அவருடைய அக்கினிப் பரீட்சை. கோப்பை. ஊரில் தான் சாப்பிட்ட கோப்பையை, அதாவது தட்டை, தானே கழுவாமல் எழுந்தவர் இல்லையாம். இங்கே அதைத் தூக்கிக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனால் பலகையைத் தாண்டவேண்டும், கழுவினால் அது கடை வேலை. ஆகவே எச்சில் கோப்பையை மேசையில் விட்டுவிட்டு, ஏதோ கொலை செய்தவர்போல் தலையைக் குனிந்துகொண்டு போவார். மாதக்கணக்காக அதைக் கழுவியவன் நான். ஒருநாள் பகிடிக்கு, "அண்ணை, இண்டைக்காவது கழுவுங்கோவன்" என்றதற்குத்தான், மேலே முதல் வரியில் நீங்கள் கேட்ட அந்த முழக்கம்.

பிரெஞ்சும் நான்தான் படிப்பித்தேன். ஒரே வசனம். யாராவது அதிகாரி வந்து கேட்டால் சொல்ல வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியது: ஜ மோன்ஜ். நான் சாப்பிடுகிறேன். ஒரு மத்தியானம் நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் உள்ளே வந்தார். விசிற்றர் அந்த நேரம் பார்த்துப் பழக்கதோஷத்தில் நிலத்தில் விழுந்த கரண்டியைக் குனிந்து எடுத்துவிட்டார். கையில் கடைக் கரண்டி! எதிரே அடையாள அட்டை! கரண்டியைப் பாம்பை எறிவதுபோல் எறிந்தார். "ஜ மோன்ஜ்! ஜ மோன்ஜ்!" என்று கத்திக்கொண்டே ஒரு முழு ரொட்டியை வாய்க்குள் திணித்தார். வந்தவர் பஸ் சாரதி. பசியோடு வந்த பாவம். இவ்வளவு ஆவேசமாக ஒருவன் சாப்பிடுகிறான் என்றால் சாப்பாடு நல்லதாகத்தான் இருக்கும் என்று அதையே தனக்கும் கேட்டார். இன்றைக்கும் அவர் கதவைத் திறந்தால் வணக்கத்துக்குப் பதிலாக "ஜ மோன்ஜ்!" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் அவருக்குப் பழைய காலத்துக் கதை சொன்னேன். முன்பெல்லாம் விசிற்றர் இப்படி வேலைக்காரராக மாறவேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு அமெரிக்க எல்லைக்குப் போவார்கள். அந்தப் பக்கம் தலையைக் காட்டி, அப்படியே திரும்பி இந்தப் பக்கம் வந்து நின்றால், போனபோது ஒருவராகப் போனவர் வந்தபோது வேறொருவராக வருவார். என் சிநேகிதன் ஒருவன் அப்படிப் போனவன்.

விசிற்றரின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் எங்கயும் போகாமலே மாறிப்போடுவனா?"

"ஓம் அண்ணை. இந்தக் கதிரையில இருந்தபடியே."

"இருந்த இடத்தில இருந்து மாறுறது பால் மட்டுந்தான் தம்பி. அதுவும் புளிச்சுத்தான் மாறும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தை மாதம் வந்தது. பதில் வரவில்லை. ராணி அக்காவுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாத கடையை எத்தனை நாளைக்கு ஓட்டுவது? ரொறன்ரோவில் வேலை அனுமதியோடு ஒரு சமையற்காரப் பெடியன் ஆயத்தமாக இருந்தான். அவனோடு அவள் கதைப்பது எல்லோருக்கும் தெரியும். விசிற்றருக்கும் தெரியும். அந்த வேலை போனால் அவருடைய விண்ணப்பமும் போச்சு. பிறகு பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அந்த நேரம் ரொக்ஸ்பரோவில் ஒரு பொங்கல் விழாவுக்குக் கொத்து ஓடர் வந்தது. பெரிய ஓடர். அன்று காலையில் ராணி அக்கா கடை வாசலில் ஐசில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனாள். தகட்டைப் பிடிக்க ஏலாது. கொத்துப் போடுகிற கல் சூடாகி நின்றது. ரொட்டி மலைபோல் கிடந்தது. விசிற்றர் தன் மேசையில் இருந்தார். அவருடைய இரண்டு கையும் மேசைக்குக் கீழே தாளம் போட்டன.

ராணி அக்கா பலகையைத் தூக்கினாள். "அண்ணை, இண்டைக்கு மட்டும் உள்ளுக்கு வாங்கோ. கதவைச் சாத்துறன். ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன் தங்கச்சி."

தாளம் போட்ட கை இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அங்க ஆத்தைக் கள்ளமாத் தாண்டினவன் நான். ஒருக்கா இல்ல. திரும்பி வரக்குள்ள நெஞ்சு எப்படி அடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். இந்த நாட்டிலயெண்டாலும் அது அடிக்காம இரிக்கட்டும்."

"அப்ப நாளைக்கு ரொறன்ரோப் பெடியனை வரச்சொல்லுறன். என்னால இனி ஏலாது," என்று பலகையைப் பொத்தென்று போட்டாள். விசிற்றர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதிரையைக் கவுண்டருக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். "தம்பி, ஒரு கொத்து எனக்குப் போடு. காசு இந்தா. குறை சொல்லப்போறன்," என்றார்.

என்னிடம்! பிரெஞ்சு பேசுகிற, மேசை துடைக்கிற என்னிடம்! தகட்டைக் கையில் எடுத்தேன். "நெருப்பு போதாது, எனக்கு அவமானமா இரிக்கு!" "கறியை இப்ப ஊத்தாட்டி நான் வேற கடைக்குப் போவன்!" "உன்ட தோளுக்கு என்ன, விறகா? இறக்கு! இப்படியும் ஒரு கடையா!" மத்தியானம் வரைக்கும் குறை மழை. வேலை செய்தது நான், வேர்த்தது அவருக்கு. ஓடர் போய்ச்சேர்ந்தது. ரொக்ஸ்பரோவிலிருந்து தொலைபேசி வந்தது, இந்தக் கொத்தை யார் போட்டது என்று கேட்டு. அப்படி எங்கள் கடையை ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

ராணி அக்கா தொலைபேசியை வைத்தாள். திரும்ப எடுத்தாள். எங்களுக்கு முன்னாலேயே ரொறன்ரோவுக்கு அடித்தாள்.

"தம்பி, குறை நினைக்காதை. எங்களுக்கு ஆள் இருக்கு. ஓம், நல்ல ஆள். இன்னும் உள்ளுக்கு வரேல்லை, அவ்வளவுதான்."

விசிற்றர் தன் கொத்தைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் குறை சொல்லவில்லை.

பங்குனியில், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மத்தியானம், கவிதா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "மாமா! வந்திட்டு! தாள் தபால்ல வருமாம். அனுமதி தந்தாச்சு. இண்டைக்கே தொடங்கலாமாம்!"

பஸ் சாரதிகூட எழுந்து நின்று கை தட்டினார். ராணி அக்கா பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாங்கோ அண்ணை" என்றாள்.

விசிற்றர் எழுந்தார். பலகைவரைக்கும் வந்தார். கீழே குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"இப்படியே வந்தா எப்படி?" என்றார். "விசிற்றராச் சாப்பிட்டவன் விசிற்றராவே உள்ளுக்கு வாறதா?"

திரும்பி, முன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். தொப்பிகூடப் போடவில்லை.

ராணி அக்கா பலகையைப் பிடித்தபடியே நின்றாள். கவிதா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ஆள் சேற்றுக்குள் விறுவிறென்று நடந்து தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டார். "உங்கட மாமாவுக்கு விசர்தான்," என்றாள் ராணி அக்கா. நான் பாதிச் சாப்பாட்டோடு இருந்த என் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல் அவருடைய எச்சில் கோப்பையை எடுத்துவந்து தொட்டிக்குள் போட்டேன். அப்போது பின் கதவு தட்டப்பட்டது. சாமான் இறக்குகிற கதவு. வேலைக்காரர் மட்டும் வந்துபோகிற கதவு.

திறந்தேன். கட்டடத்தொகுதி முழுவதையும் சுற்றிவந்து, காற்சட்டை முழங்கால்வரை நனைந்து, மூக்கு சிவந்து நின்றார்.

"உள்ளுக்கு வரலாமா?"

எனக்கு விளங்கிவிட்டது. எல்லை அதிகாரிபோல் கதவை மறித்து நின்றுகொண்டேன். "ஆர் நீங்கள்? எதுக்கு வந்தனீங்கள்?"

நிமிர்ந்தார். "வேலைக்கு."

"கொண்டுவந்த சாமான் என்ன?"

"ரெண்டு கை."

வழி விட்டேன். சப்பாத்தை நன்றாகத் துடைத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். ராணி அக்கா இரண்டு தகட்டையும் நீட்டிக்கொண்டு நின்றாள். கல் சூடாக இருந்தது. அவர் அவளைத் தாண்டிப் போனார். கல்லையும் தாண்டிப் போனார். கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று, சட்டைக் கையை மடித்து, தன் கோப்பையை எடுத்துக் கழுவினார். கழுவினார், திருப்பிக் கழுவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொருதரம் கழுவினார்.

"உன்ட கோப்பை எங்க மனே?"

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை அண்ணை."

"ஆறுதலாச் சாப்பிடு."

முன்னால் ஆட்கள் கொத்துக் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. நான் கடைசிச் சோற்றை வழித்து முடிக்கும்வரை, ஈரக் கை இரண்டையும் நீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.